மூன்றாம் முறை கேட்கும்வரை

ஜனவரி 26, திங்கள்

அக்கா, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். எல்லாரும் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. குளியலறையில், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்து விளக்கைப் போட்டால் அத்தைக்கு விழிப்புத் தட்டிவிடும், அவர்கள் அங்கேதான் படுக்கிறார்கள். படுக்கையறையில் விளக்கு எரிந்தால் இவருக்கு ஆகாது.

போனில் எழுதி அனுப்பினால் என்ன என்று கேட்பாய். ராத்திரியில் என் போன் இவரிடம் இருக்கும். சார்ஜ் போட்டு, யார் யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலையில் தருவார். எல்லா வீட்டிலும் இப்படித்தானே. அதனால் நோட்டில் எழுதுகிறேன். சேர்ந்ததும் ஒருநாள் மொத்தமாக அனுப்புகிறேன்.

அத்தை ஊருக்குத் திரும்பப் போகிறார்கள். அடுத்த மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விமானம். தென்றலுக்கும் சேர்த்து இவர் டிக்கெட் போட்டுவிட்டாராம். இன்று தோசை சாப்பிடும்போது சொன்னார்.

"ஒரு வருசம் ஊர்ல இருக்கட்டும். தமிழ் நல்லா வரும். நீயும் பரீட்சை எழுதி உருப்படியா ஒரு வேலைக்குப் போவே."

"அவ ரெண்டரை வயசுப் பிள்ளைங்க" என்றேன்.

"அதான் சொல்லுதேன். இந்த வயசுல போனாத்தான் அழ மாட்டா."

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் மூட்டு வலிதான், பாப்போம்" என்றார்கள். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. "ஒங்க இஷ்டம்" என்று நான் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். சட்னியில் உப்பு கரித்தது. இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நான் போகிற இடத்தைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. இந்தக் கவெண்ட்ரியில் எங்கள் தெருமுனையில் ஐரிஷ்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் எங்கே போனாலும் தமிழ்ச்சங்கம் வைக்கிறார்கள் இல்லையா, அதுமாதிரி. அறுபது வருஷத்துக்கு முன்னால் ரோடு போடவும் கட்டடம் கட்டவும் கப்பலில் வந்து இறங்கியவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு அவர்களுடைய நடன வகுப்பு. கையை அசைக்காமல் காலை மட்டும் படபடவென்று தட்டி ஆடுவார்கள். ஒரு நாள் அவர்கள் பாஷை வகுப்பு, ஒரு நாள் பாட்டு. வாரத்தில் நான்கு நாள் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. நான் முதலில் போனது அங்கே நடக்கும் பிள்ளைகள் குழுவுக்கு. அந்தக் கூடம் நன்றாகச் சூடாக இருக்கும், தென்றல் ஓடி விளையாடுவாள். பிறகு அங்கேயே சமையலறை ஒத்தாசைக்கும், வீட்டில் தனியாக இருப்பவர்களுக்குப் போன் பண்ணி விசாரிப்பதற்கும் சேர்த்துக்கொண்டார்கள்.

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு அயர்லாந்துக்காரனுக்கு உருளைக்கிழங்கு உரிக்கா" என்று இவர் போனில் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். உரிக்கத்தான் செய்கிறேன். மலை மலையாய் உரிக்கிறேன்.

அங்கே மலாக்கி என்று ஒருவர் வருவார். எண்பது தாண்டியவர், ஒண்டிக்கட்டை. எனக்கு அவர் வைத்த பெயர் 'மெட்ராஸ்'.

"மெட்ராஸ் இல்லை, கோவில்பட்டி" என்று இன்றைக்கும் சொன்னேன்.

"அது மெட்ராஸுக்குப் பக்கமா?"

"ஒரு ராத்திரி ரயில்."

"அப்ப பக்கந்தான்" என்றார்.

எதைக் கேட்டாலும் 'கிராண்ட்' என்பது அவர் பதில். நம் ஊரில் கல்யாணம்தான் கிராண்டாக நடக்கும். அவருக்கு மழை, சூப், முதுகுவலி எல்லாமே கிராண்ட். இன்று புட்டிங் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஐயோ வேண்டாம், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார். சரி என்று நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பரிமாறும் இன்னொரு அம்மாளிடம் அதையே வாங்கி வழித்துத் தின்றுகொண்டிருக்கிறார். மறதி போல.

ஜனவரி 28, புதன்

தென்றலின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று தேடினேன். மூன்று பேருடையதும் பத்திரமாக அவர் அலுவலக இழுப்பறையில் இருக்கிறதாம். நல்லதுதான்.

ஜனவரி 30, வெள்ளி

ஷிவோன் என்று சொன்னேனா? சங்கத்தின் மேலாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும், இங்கேயே பிறந்தவள், அப்பா அம்மா அங்கிருந்து வந்தவர்கள். சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். செண்பா அவள் வாயில் ஷென் ஆகிவிட்டது. இன்று என் பக்கத்தில் நின்று கேரட் நறுக்கிக்கொண்டே, "ஷென், வீட்டுல எல்லாம் சரியா?" என்றாள்.

"சரிதான்."

"கையில என்ன?"

"அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்."

ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் கேரட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அலமாரிக் கதவு மோசமானது அக்கா, அதன் கைப்பிடி எப்போதோ கழன்றுவிட்டது.

தென்றலை நாளை முதல் அங்கே கூட்டிப்போக வேண்டாம் என்கிறார் இவர். அத்தையுடன் பழகட்டுமாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று அவர்களுக்கு பிரிஜித் என்ற புனிதரின் நாள். சங்கத்தில் எல்லாரும் கோரையை மடித்து மடித்துச் சிலுவை பின்னினார்கள். பின்னியதை வாசல் நிலைக்கு மேலே செருகிவைத்தால் வீட்டுக்குக் காவலாம். நான் போகவில்லை. ஷிவோன் ஒன்றைக் கொண்டுவந்து கதவிடுக்கில் கொடுத்துவிட்டுப் போனாள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோரைப்பாய் பின்ன ஆரம்பிச்சிட்டியா?" என்றார். குப்பையில் போடவில்லை, மேஜைமேல்தான் வைத்தார்.

மத்தியானம் நீ வீடியோவில் வந்தாய். போன் அவர் கையில் இருந்தது. நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஏட்டி, நல்லா இருக்கியா? மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கே."

"நல்லா இருக்கேன்க்கா. குளிரு."

"தென்றல் வாரான்னு மாப்பிள்ளை சொன்னாவ. ஒனக்குச் சம்மதந்தானே?"

"சம்மதந்தான்க்கா."

"பொறவென்ன. ஒரு வருசம் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிப்போவும்."

பிறகு உன் புது கிரைண்டரைக் காட்டினாய். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

சங்கத்து அடுப்பு ரிப்பேர், அதனால் இன்று சாப்பாடு கிடையாது, போன் விசாரிப்பு மட்டும். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஒருவர் உதவி வேண்டாம் என்று சொன்னால் அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வற்புறுத்துவது மரியாதையில்லை என்று அதில் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்கிற ஒரு இடம்.

மலாக்கிக்கு அடித்தேன். வெகுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"கிராண்ட்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. வந்து பாக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். இந்தக் குளிர்ல நீ ஏன் அலையணும்?"

"சரி, நாளைக்குச் சாப்பாட்டுல பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தென்றலின் துணிகளை அத்தை பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குட்டிக் குட்டிச் சட்டைகள். நான் ராத்திரி பால் புகட்டும்போது மடியில் போட்டுக்கொள்வேனே, நீ கொடுத்த நீலச் சுங்குடி, அதில் கிழித்த துண்டு ஒன்று இருக்கிறது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளாமல் அவள் தூங்க மாட்டாள். அதையும் பெட்டியில் வைத்தார்கள். தென்றல் அதை வெளியே எடுத்தாள். அவர்கள் திரும்ப வைத்தார்கள். அவள் திரும்ப எடுத்தாள். நான் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மலாக்கி சாப்பாட்டுக்கு வரவில்லை. ஒரு நாளும் தவறமாட்டார். ஷிவோன் என்னைப் பார்த்தாள். "நேத்து பேசினியா?"

"பேசினேன். நல்லா இருக்கேன்னாரு. வரட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாரு."

"எத்தனை தடவை கேட்டே?"

"ஒரு தடவைதான்."

அவள் முகம் மாறியது. சங்கத்தில் இருக்கும் அவர் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தால் சமையலறைத் தரையில் கிடக்கிறார். இடுப்பு நகரவில்லை, உதடு நீலம். பக்கத்தில் வயரோடு இழுத்துப்போட்ட டெலிபோன். நேற்றுக் காலையிலேயே விழுந்திருக்கிறார். அக்கா, என்னிடம் பேசும்போது அவர் தரையில்தான் கிடந்திருக்கிறார். தரையில் கிடந்துகொண்டுதான் கிராண்ட் என்று சொல்லியிருக்கிறார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஏன் சொல்லலை? நான் கேட்டேனே" என்று அழுதேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீ ரெண்டாவது தடவை கேப்பேன்னு காத்துக்கிட்டே இருந்தேன், மெட்ராஸ். நீ வெச்சுட்டே."

அவரை ஏற்றி அனுப்பிய பிறகு ஷிவோன் என்னைத் திட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். "எங்க ஆளுங்க அப்படித்தான், ஷென். முதல் தடவை கேட்டா மரியாதைக்கு வேண்டாம்பாங்க. ரெண்டாவது தடவை, நீ நிஜமாத்தான் கேக்கறியான்னு பாக்கறதுக்கு வேண்டாம்பாங்க. மூணாவது தடவை சொல்றதுதான் பதில். டீ குடிக்கிறதுலேருந்து சாகறவரைக்கும் இதே கதைதான். அந்த வகுப்பு எடுத்தவங்களுக்கு இது தெரியாது."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நம் வீட்டுக்கு வருகிற யார் முதல் தடவையிலேயே காபி வேண்டும் என்றிருக்கிறார்கள்? "இப்பதான் குடிச்சிட்டு வாரோம்" என்பார்கள், அம்மா கேட்காத மாதிரி டபராவை நீட்டுவாள். நானே கல்யாணமான புதிதில் அத்தை வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை நாள் பாதி வயிற்றோடு எழுந்திருக்கிறேன்.

கீழே இறங்கும்போது ஷிவோன் நின்றாள். "உன்னையும் அன்னைக்கு ஒரு தடவைதான் கேட்டேன். வீட்டுல சரியா?"

"சரியாத்தான் இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்கிறது. அவள் இன்னும் ஒரு தடவை கேட்க வாயைத் திறந்தாள், அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். போய்விட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

ஷிவோன் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில். நான் வாசலைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு உரித்தேன்.

வியாழக்கிழமைகளில் சங்கத்துக்கு ஒரு வக்கீல் வருவார். பென்ஷன், வீட்டு வாடகைத் தகராறு என்று எல்லாருக்கும் இலவசமாக ஆலோசனை சொல்வார். அவருக்கு டீ கொண்டுபோய் வைத்தேன். கோப்பையை நேராக வைத்தேன், கைப்பிடியைத் திருப்பி வைத்தேன், பிஸ்கெட்டை இந்தப் பக்கம் வைத்தேன். "வேற ஏதாவது?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒன்றுமில்லை" என்று வந்துவிட்டேன்.

பெட்டியை இன்று பூட்டியாயிற்று. எடையும் பார்த்துவிட்டார். தென்றல் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, "டுர்ர் டுர்ர், அம்மா ஏறு" என்றாள்.

இவரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வேண்டாங்க, அவ இங்கயே இருக்கட்டும்" என்றேன். "அன்னைக்கே சரின்னுட்டு இப்பம் என்ன புதுசா? ஒங்கக்கா முன்னாடியே சம்மதம்னு சொன்னே. யார் கேட்டாலும் அவதான் சாட்சி" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

இதையும் நேரங்கழித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் இன்று குளியலறையில் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் இவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். நான் தென்றலுக்கு ஷூ மாட்டினேன். எனக்கே தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கூடத்தில் நின்றார்கள்.

"எங்க கூட்டிட்டுப் போற? வேண்டாம்னு அவன் சொல்லியிருக்கான்லா."

"இன்னைக்குத்தான் கடைசி நாள் அத்தை. பிள்ளையளுக்கு டாட்டா சொல்லிட்டு வரட்டும்."

அத்தை என்னை வெகுநேரம் பார்த்தார்கள்.  பிறகு உள்ளே போய் பிள்ளையின் பையை எடுத்து வந்து என் தோளில் மாட்டிவிட்டார்கள். கம்பளித் தொப்பியை அவர்களே போட்டு, காதை மூடிவிட்டார்கள்.

"மெதுவா வா. அவசரமில்ல" என்றார்கள்.

சங்கத்தில் தென்றல் பிள்ளைகளோடு ஓடினாள். ஷிவோன் யாரோ ஒருவருடைய வாடகை வீடு விஷயமாகப் போனில் கத்திக்கொண்டிருந்தாள். நான் போன் மேஜையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வார்டுக்கு அடித்து மலாக்கியைக் கேட்டேன். குரல் மெலிந்துதான் இருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"கிராண்ட்."

"எப்படி இருக்கீங்க?"

"சொன்னேனே, குறையொண்ணுமில்லை."

"மலாக்கி, எப்படி இருக்கீங்க?"

"வலி உயிர் போவுது" என்றார். "இங்க டீ கழுவின தண்ணி மாதிரி இருக்கு. பக்கத்துக் கட்டில்காரன் ராத்திரி பூரா பாடறான், அதுவும் சுதி இல்லாம. பரவாயில்லையே மெட்ராஸ், கத்துக்கிட்டியே!" அவர் சிரித்து, இருமி அடங்கினார். "நீ எப்படி இருக்கே?"

"கிராண்ட்" என்றேன். அவருடைய வார்த்தை அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

 யாரோ தூரத்தில் பாடுவது கேட்டது, நிஜமாகவே சுதி இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ எங்கேயிருந்து பேசறே? தரையிலேருந்தா?"

அக்கா, நான் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேனோ தெரியாது. அவர் வைக்கவில்லை. காத்துக்கொண்டே இருந்தார்.

"ஆமாம்" என்றேன்.

"ஷிவோன் அங்க இருக்காளா? போனை அவகிட்டக் கொடு. நீ எங்கயும் போயிடாதே."

கொடுத்தேன். ஷிவோன் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். போனை வைத்தாள். அலுவலகக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், பாஸ்போர்ட், அலமாரிக் கதவு, எல்லாம். உனக்கு இந்த நோட்டில் சொல்லாததையும் சொன்னேன். அதை உன்னிடம் நேரில்தான் சொல்ல முடியும்.

நேற்று டீ கொடுத்தேனே, அந்த வக்கீலையே கூப்பிட்டாள். தாய்க்குச் சம்மதமில்லாமல் பிள்ளையை இந்த நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். விமான நிலையங்களுக்குத் தகவல் போய்விட்டது. திங்கள்கிழமை காலை நீதிமன்றம். என் போனை அணைத்து ஷிவோனின் மேஜை டிராயரில் போட்டுவிட்டோம்.

சாயங்காலம் இவர் வந்தார். நான் சங்கத்து மாடி அறையில் இருந்தேன். ஷிவோன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். உள்ளேதான் இருக்கா. வர மாட்டா" என்றது மாடிவரை கேட்டது. அவர் கீழேயிருந்து, "செண்பா, பிள்ளையக் கூட்டிட்டுக் கீழ வா, பேசிக்கிடுவோம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். போலீஸ் வண்டி வந்த பிறகு போய்விட்டார்.

இந்த அறை முன்காலத்தில் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் முதல் ராத்திரி படுத்துக்கொள்வதற்காகக் கட்டியதாம். ஷிவோனின் அப்பாவும் இங்கே படுத்திருக்கிறாராம். இப்போது அவர்களுடைய மார்ச் மாதத் திருவிழா ஊர்வலத்துக்கான பச்சைக் கொடிகளும் தட்டு முரசுகளும் நடுவில் ஒரு கட்டிலும் இருக்கின்றன. கதவுக்கு மேலே கோரைச் சிலுவை ஒன்று செருகியிருக்கிறது.

ராத்திரி தென்றல் தூங்க மறுத்து அழுதாள். அவள் துணி பூட்டிய பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது, என்ன செய்வது என்று தவித்துக்கொண்டே பாலுக்காகப் பையைத் திறந்தேன். பால் புட்டிக்குக் கீழே, நாலாக மடித்து, அந்த நீலச் சுங்குடித் துண்டு. அத்தை பெட்டியைத் திறந்து எடுத்துவைத்திருக்கிறார்கள். தென்றல் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இப்போது தூங்குகிறாள். நான் அவர்களை ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை.

நாளைக் காலை இந்தப் பக்கங்களைப் படமெடுத்து ஷிவோனின் போனிலிருந்து உனக்கு அனுப்புவேன். இவர் உன்னை அழைத்திருப்பார். நான் சம்மதம் என்று சொன்னதற்கு நீதான் சாட்சி என்றும் சொல்லியிருப்பார். நீ கேட்டாய், நான் சொன்னேன், உண்மைதான். ஆனால் நீ ஒரு தடவைதான் கேட்டாய் அக்கா. இன்னொரு தடவை கேள். எனக்குச் சம்மதமில்லை.

தென்றலின் பிறப்புச் சான்றிதழைப் படமெடுத்துப் போன வருஷம் உனக்கு அனுப்பியிருந்தேன், அது உன் போனில் இருக்கும். வக்கீலுக்கு அது வேண்டும். என் எண்ணுக்கு அனுப்பாதே, இந்த எண்ணுக்கே அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.